வெள்ளை ஒளியின் தளவிளைவை அளக்க 633 நானோமீட்டருக்கான கால் அலைத் தகடு போதுமா?

அரைநிழல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காகத் தளவிளைவை (போலரைசேஷன், அதாவது ஒளி அதிரும் திசை ஒழுங்காக இருப்பது) அளக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அமைப்பு இதுதான்: 12 வோல்ட் ஹாலஜன் விளக்கு, லென்ஸ், போலராய்டு ஷீட், பிறகு ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு (இழுத்துப் பிடிக்க ஒரு கிளாம்ப் உண்டு), அதன் பின் கால் அலைத் தகடு (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அதிர்வுகளுக்கு நடுவே கால் அலை, அதாவது 90 டிகிரி கட்ட வேறுபாடு உண்டாக்குவது), அசையாத இன்னொரு போலராய்டு (அனலைசர்), கடைசியில் சிலிக்கான் போட்டோடையோடு. கால் அலைத் தகடு எப்போதோ லேசர் சோதனைக்காக வாங்கியது. குவார்ட்ஸ், ஜீரோ ஆர்டர் (கூடுதல் முழு அலைகள் சேராமல் வெறும் கால் அலை), விளிம்பில் 633 என்று பொறித்திருக்கிறது.

கால் அலைத் தகட்டைச் சுற்றி, தளவிளைவை விவரிக்கும் ஸ்டோக்ஸ் அளவுருக்கள் நான்கையும் (எஸ்-0 மொத்தச் செறிவு, எஸ்-1, எஸ்-2 நேர்க்கோட்டுத் தளவிளைவு, எஸ்-3 வட்டத் தளவிளைவு) கணக்கிட்டேன். பிளாஸ்டிக் வழியே வரும் ஒளியின் தளவிளைவு அளவு (முழுமையாக இருந்தால் 1) 0.1-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. "பிளாஸ்டிக் தளவிளைவை அழித்துவிடுகிறது என்று எழுதிவிடம்மா" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் பிளாஸ்டிக்கையும் கால் அலைத் தகட்டையும் எடுத்துவிட்டு இரண்டு போலராய்டு மட்டும் வைத்துப் பார்த்தேன். இணையாக இருக்கும்போது 0.82 வோல்ட், குறுக்காக இருக்கும்போது 0.61. கண்ணால் பார்த்தால் குறுக்கில் கும்மிருட்டு. மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. போலராய்டு கெட்டுவிட்டதா? அல்லது வெள்ளை ஒளிக்கு இந்த முறையே ஆகாதா?

---

ரிமோட்_சேது எழுதியது:

போலராய்டு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. டையோடு பார்ப்பதைக் கண் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

டிவி ரிமோட்டை எடுங்கள். போன் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்து பட்டனை அழுத்தினால் நுனியில் ஒரு வெளிச்சம் தெரியும் (பின்பக்க கேமராவில் பல போன்களில் தெரியாது). இப்போது உங்கள் இரண்டு போலராய்டையும் குறுக்காக வைத்து நடுவில் நுழையுங்கள். வெளிச்சம் அணைகிறதா பாருங்கள்.

---

அரைநிழல் எழுதியது:

அணையவே இல்லை! கேமராவில் அறை முழுக்க இருண்டுபோய் ரிமோட் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

---

நிறமாலைக்காரன் எழுதியது:

சேது சொன்ன சோதனைக்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஆனாலும் எண்களைப் போட்டுவிடுகிறேன்.

ரிமோட்டில் இருக்கும் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர். அயோடின் ஏற்றிய போலராய்டு ஷீட் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டது. 750, 800-ஐத் தாண்டினால் அது வெறும் பிளாஸ்டிக், எந்தத் திசையில் அதிரும் ஒளியையும் விட்டுவிடும். உங்கள் ஹாலஜன் இழை 3000 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் வீன் விதிப்படி அதன் உச்சம் 966 நானோமீட்டர். சிலிக்கான் டையோடின் உணர்திறன் உச்சமும் 900-ஐத் தாண்டித்தான், 1100 வரை பார்க்கும். ஆக விளக்கு அகச்சிவப்பைக் கொட்டுகிறது, போலராய்டு அதைத் தடுக்கவில்லை, டையோடு அதைத்தான் ஆசையாக அளக்கிறது. உங்கள் 0.82-ம் 0.61-ம் வைத்துக் கணக்கிட்டால் தளவிளைவு 15 சதவீதம்தான் வரும். நேராகப் போலராய்டு வழியே வந்த ஒளிக்கு! அந்த 0.61 வோல்ட்டில் கிட்டத்தட்ட முழுதும் தளவிளைவே காணாத அகச்சிவப்பு.

உடனே செய்யக்கூடியது: ஹாலஜனை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போடுங்கள். அதில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. 450-இல் கூரான நீல உச்சம், 480 பக்கம் ஒரு பள்ளம், பிறகு 500 முதல் 700 வரை பாஸ்பரின் அகன்ற மேடு. ஹாலஜன்தான் வேண்டும் என்றால் வெப்பம் உறிஞ்சும் கண்ணாடி பில்டர் போடலாம். கெமிஸ்ட்ரி லேபில் காப்பர் சல்பேட் கரைசல் கேட்டு வாங்கி ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றி வைத்தாலும் நடக்கும். அது 800 பக்கம் பலமாக உறிஞ்சும். ஆனால் சிவப்பையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இருட்டு அளவீட்டையும் கழியுங்கள். விளக்கின் வாயை மறைத்துவிட்டு மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதை எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் முதல் தலைவலி. அடுத்தது கால் அலைத் தகடு.

---

குவார்ட்ஸ்_குமரன் எழுதியது:

அடுத்த தலைவலிக்கு ஒரே மருந்து: அக்ரோமாட்டிக் கால் அலைத் தகடு வாங்குங்கள். குவார்ட்ஸும் மெக்னீசியம் ஃப்ளூரைடும் சேர்த்துச் செய்தது. ஒன்றின் நிறப்பிரிகையை (அலைநீளத்தோடு ஒளிவிலகல் மாறுவதை) மற்றது ஈடுகட்டும். 450 முதல் 650 வரை கிட்டத்தட்ட கால் அலையாகவே நிற்கும். 633 தகட்டை வைத்து வெள்ளை ஒளியை அளப்பதெல்லாம் வீண் வேலை. ஒரு அலைநீளத்துக்குச் செய்த பொருளை மற்றதுக்குப் போட்டால் குப்பைதான் வரும்.

---

அரைநிழல் எழுதியது:

சேது அண்ணா, நிறமாலைக்காரன் சார், ரொம்ப நன்றி. எல்இடி மாற்றினேன். இரண்டு போலராய்டு மட்டும் வைத்தால் குறுக்கில் மீட்டர் இருட்டு அளவை ஒட்டி வந்துவிடுகிறது.

குமரன் சார், அந்தத் தகட்டின் விலையைப் பார்த்தேன். துறையில் கேட்டால் என்னையே லேபை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் இருக்கிற தகட்டை வைத்தே, 10 நானோமீட்டர் அகலமுள்ள குறுக்கீட்டு பில்டர்கள் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் இல்லை. முதல் போலராய்டு அனலைசருக்கு 45 டிகிரி. 630 பில்டரில் தளவிளைவு அளவு 0.98. மகிழ்ச்சி. 450 பில்டரில் 1.63!! ஒன்றைத் தாண்டுமா இது? முழுத் தளவிளைவு என்றாலே 1தானே?

---

நிறமாலைக்காரன் எழுதியது:

அந்த 1.63-ஐப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புராஜெக்ட்டிலேயே அருமையான எண் அதுதான்.

தகட்டைச் சுற்றும்போது டையோடில் வரும் செறிவில் மூன்று வகைத் துண்டுகள் இருக்கும். மாறாத ஒரு பகுதி, சுழல்கோணத்தின் இரு மடங்கில் ஆடும் பகுதி, நான்கு மடங்கில் ஆடும் பகுதி. இரு மடங்கில் ஆடுவது வட்டத் தளவிளைவைச் சொல்லும் (எஸ்-3). நான்கு மடங்கில் ஆடும் சைன், கொசைன் இரண்டும் நேர்க்கோட்டுத் தளவிளைவைச் சொல்லும் (எஸ்-1, எஸ்-2). பாடப் புத்தகச் சூத்திரத்தில் "நான்கு மடங்கு கெழுவை 2-ஆல் பெருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார்கள். அந்த 2 எங்கிருந்து வருகிறது? தகட்டின் கட்ட வேறுபாடு சரியாக 90 டிகிரி என்று வைத்துக்கொண்டதால் வருகிறது. பொதுவாகப் போட்டால்:

எஸ்-3-ஐக் கெழுவிலிருந்து எடுக்க, கட்ட வேறுபாட்டின் சைனால் வகுக்க வேண்டும்.

எஸ்-1, எஸ்-2-க்கு, (1 கழித்தல் கட்ட வேறுபாட்டின் கொசைன்) என்பதில் பாதியால் வகுக்க வேண்டும்.

எஸ்-0-க்கு, மாறாத பகுதியிலிருந்து எஸ்-1-ஐ (1 கூட்டல் கொசைன்) என்பதில் பாதியால் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

இப்போது உங்கள் தகட்டுக்கு வாருங்கள். குவார்ட்ஸின் இரட்டை ஒளிவிலகல் (இரு அதிர்வுத் திசைகளுக்கான ஒளிவிலகல் எண்களின் வித்தியாசம்) 589-இல் 0.0091. நீலத்துக்குப் போகப் போகச் சற்றே ஏறி 450-இல் 0.0094 பக்கம் வரும். ஜீரோ ஆர்டர் தகடு 633-இல் 90 டிகிரி என்றால் 532-இல் சுமார் 109, 450-இல் சுமார் 131. ஏற்றத்தில் பெரும்பங்கு அலைநீளம் குறைவதால், கொஞ்சம் நிறப்பிரிகையால்.

131-இன் கொசைன் கழித்தல் 0.656. நீங்கள் 90-க்கான சூத்திரத்தைப் போட்டதால் உங்கள் எஸ்-2, 1.656 மடங்கு ஊதிப்போனது. உங்களுக்கு வந்தது 1.63. போலராய்டின் சிறு குறைகளைச் சேர்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. கருவி பொய் சொல்லவில்லை, சூத்திரத்துக்குத் தப்பான கோணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். முதல் போலராய்டை 45-இலிருந்து அனலைசருக்கு இணையாகத் திருப்பி அதே 450-இல் அதே தப்பான சூத்திரத்தைப் போடுங்கள். இந்த முறை எஸ்-0-ம் சேர்ந்து சரிந்துவிடும், தளவிளைவு 4-ஐத் தாண்டும். தாண்டினால் நான் சொன்னது உறுதி.

குமரன், இப்போது உங்களுக்கு. 633 தகட்டில் குப்பைதான் வரும் என்றீர்கள். சுழலும் தகட்டு முறையில், இரைச்சல் மிகக் குறைவாக நான்கு ஸ்டோக்ஸ் அளவுருக்களையும் தரும் கட்ட வேறுபாடு 90 அல்ல. 132 டிகிரி. 2000-இல் சபாட்கேயும் உடன் உழைத்தவர்களும் கணக்கிட்டுக் காட்டியது, போலரிமெட்ரிக்காரர்களுக்கு மனப்பாடம். நீங்கள் தூக்கிப்போடச் சொன்ன தகடு 450-இல் தற்செயலாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. அக்ரோமாட்டிக் தகட்டைவிட இந்தப் பொண்ணுக்கு நீலத்தில் நல்ல தகடு கையிலேயே இருக்கிறது!

---

குவார்ட்ஸ்_குமரன் எழுதியது:

132 கதை தெரியும். நான்கு கோணங்கள் மட்டும் எடுக்கும்போது பிளஸ் மைனஸ் 15.1, பிளஸ் மைனஸ் 51.7 என்று ஒரு தொகுப்பும் அதோடு வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 450-க்கு. தகடு ஜீரோ ஆர்டராக இருந்தது இவர் அதிர்ஷ்டம். நம்ம ஊர் லேபுகளில் பாதி இடத்தில் மல்ட்டி ஆர்டர் தகடுதான் கிடக்கும். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் என்றால் சிவப்பில் 14 முழு அலைக்கு மேல் சுற்றிவிட்டு மிச்சம் கால் அலை. அலைநீளம் 40 நானோமீட்டர் நகர்ந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். 10 நானோமீட்டர் பில்டருக்குள்ளேயே 90 டிகிரி மாறும். அதை வைத்து வெள்ளை ஒளியில் என்ன அளப்பீர்கள்?

இன்னொன்று. கட்ட வேறுபாடு 180-ஐ நெருங்கும் அலைநீளத்தில் சைன் பூஜ்யம். அங்கே எஸ்-3 போயே போச்சு. எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. 633 தகட்டை 400-க்குக் கீழே கொண்டுபோனால் அந்தப் பக்கம்தான் நகரும்.

---

நிறமாலைக்காரன் எழுதியது:

இரண்டும் சரி. மல்ட்டி ஆர்டர் தகட்டை அகன்ற பட்டைக்குப் போடவே கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 400-க்குக் கீழே எல்இடியிலும் ஒளி இல்லை, அதனால் இவருக்கு அந்தக் கவலை வராது.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. எல்லா அலைநீளத்துக்கும் ஒரே மாதிரி நடக்கும் தகட்டைத் தேடி அலைய வேண்டாம். கையில் இருப்பது ஒவ்வொரு அலைநீளத்திலும் எப்படி நடக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். கட்ட வேறுபாடு தெரிந்துவிட்டால், அது 90-ஆ 109-ஆ என்பது கால்குலேட்டருக்கு ஒன்றுதான்.

அளக்கும் விதம் எளிது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, தகட்டின் அச்சை முதல் போலராய்டுக்கு 45 டிகிரியில் நிறுத்துங்கள். அனலைசரைக் குறுக்காக வைத்து ஒரு அளவு, இணையாக வைத்து ஒரு அளவு. குறுக்கை இணையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் பாதிக் கட்ட வேறுபாட்டின் டேன்ஜென்ட். பில்டரை மாற்றி மாற்றி 450 முதல் 650 வரை எடுங்கள். வரைபடம் வழுவழுப்பாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி துள்ளினால் பில்டரையோ இருட்டுக் கழித்தலையோ சந்தேகப்படுங்கள். இந்த அளவுக்கு மட்டும் அனலைசரைத் திருப்பலாம், பிறகு பழைய இடத்தில் பூட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக்கை மறுபடி வைப்பதற்கு முன் இன்னொரு பரிசோதனை: தகட்டை முழு 360 டிகிரியும் சுற்றி எடுத்து ஃபூரியர் பிரித்துப் பாருங்கள். சுழல்கோணத்தின் ஒரு மடங்கில் எதுவும் ஆடக்கூடாது. ஆடினால் தகட்டில் தூசு, கைரேகை, அல்லது ஆப்பு போன்ற சிறு சாய்வு. கற்றை டையோடின் மேல் வட்டமடிக்கிறது என்று பொருள். டையோடுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பரவல் தாள் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

---

தமிழரசி_ஒளியியல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் தகட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பிள்ளையின் முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. பிளாஸ்டிக் தளவிளைவை அழிக்கிறதா இல்லையா?

என் பதில்: அழிக்கவில்லை. அரைநிழல், உன் கைடு சொன்னதை இப்போதைக்கு எழுதாதே.

இழுத்துப் பிடித்த பிளாஸ்டிக்கும் இரட்டை ஒளிவிலகல் கொண்டதுதான். அதன் பாதை வேறுபாடு (இரு அதிர்வுகளில் ஒன்று மற்றதைவிடப் பின்தங்கும் தூரம்) 1650 நானோமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். பிளாஸ்டிக்கின் நிறப்பிரிகையை விட்டுவிடுவோம். அச்சுக்கு 45 டிகிரியில் ஒளி நுழைகிறது. 550 நானோமீட்டருக்கு அது சரியாக 3 அலை, நுழைந்தபடியே நேர்க்கோட்டில் வெளியே வரும். 600-க்கு இரண்டே முக்கால் அலை, வட்டத் தளவிளைவாக வரும். 660-க்கு இரண்டரை அலை, மறுபடியும் நேர்க்கோடு, ஆனால் நுழைந்த திசைக்குச் செங்குத்தாக. நீலப் பக்கம் 471-இல் மூன்றரை, அங்கேயும் செங்குத்து. பச்சை ஒரு திசையில், சிவப்பும் நீலமும் அதற்குச் செங்குத்தான திசையில், நடுவில் உள்ளவை வட்டமாகவும் நீள்வட்டமாகவும். எதுவும் தளவிளைவை இழக்கவில்லை, ஒவ்வொன்றும் நூற்றுக்கு நூறு.

இதையெல்லாம் ஒரே டையோடில் கொட்டிக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உன் 0.1 அதுதான், கூடவே அகச்சிவப்பும் குட்டை குழப்பியிருக்கிறது. இரண்டு போலராய்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்கேலில் வண்ண வண்ணமாகத் தெரிவது எதனால் என்று நினைக்கிறாய்? தளவிளைவு உண்மையிலேயே அழிந்திருந்தால் அங்கே வண்ணமே வராது. பிரெஞ்சு இயற்பியலாளர் அராகோ 1811-இலேயே மைக்கா தகட்டில் இதைப் பார்த்துவிட்டார்.

10 நானோமீட்டர் பில்டர் போட்டால் இந்த 1650-க்குப் பட்டைக்குள் கட்டம் 20 டிகிரிதான் மாறும், தளவிளைவு 0.99-க்கு மேல் தெரியும். அதே பில்டரில், பாதை வேறுபாடு 20 மைக்ரோமீட்டர் உள்ள தடித்த துண்டை வைத்தால் 0.4 பக்கம் விழுந்துவிடும். பில்டரின் அகலம், அலைநீளத்தின் வர்க்கத்தைப் பாதை வேறுபாட்டால் வகுத்தால் வரும் எண்ணைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். தீஸிஸில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் போடு.

---

அரைநிழல் எழுதியது:

அக்கா, இது போதும், கைடிடம் காட்டிவிடுகிறேன். ஒரு சந்தேகம். பக்கத்து லேபில் சின்ன ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று இருக்கிறது. பில்டர் மாற்றுவதற்குப் பதில் டையோடு இருக்கும் இடத்தில் அதை வைத்தால் ஒரே சுற்றில் எல்லா அலைநீளமும் கிடைக்காதா?

---

கவனம்_கீற்றணி எழுதியது:

கிடைக்கும். ஆனால் ஸ்பெக்ட்ரோமீட்டரே ஒரு அரைகுறை போலரைசர் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். உள்ளே நிறம் பிரிக்கும் கீற்றணியின் (கிரேட்டிங்) கோடுகளுக்கு இணையாக அதிரும் ஒளிக்கும் செங்குத்தாக அதிரும் ஒளிக்கும் செயல்திறன் வேறு வேறு, அதுவும் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். சில இடங்களில் சட்டென்று குதிக்கும், இயற்பியலாளர் வுட் 1902-இல் கண்டு திகைத்தது இதைத்தான். கீற்றணிக்கு முன்னால் அனலைசரைச் சுற்றினால் ஒளி மாறாவிட்டாலும் அளவு மாறும்.

உங்கள் அமைப்பில் அனலைசர் அசையாமல் தகடு மட்டும் சுற்றுவதால் தப்பித்தீர்கள். கீற்றணிக்குள் போகும் ஒளி எப்போதும் ஒரே திசையில்தான் அதிரும். ஃபைபரை மட்டும் நடுவில் ஆட்டாதீர்கள், வளைவு மாறினால் உள்ளே தளவிளைவு குழம்பி அந்தப் பழைய சிக்கல் திரும்பி வரும். டேப் போட்டு மேசையோடு ஒட்டிவிடுங்கள்.

டிவிடியைப் பிய்த்து வெப்கேமில் ஒட்டிச் செய்யும் வீட்டு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் இதே விதிதான். அங்கே கூடுதலாக கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரைப் பூட்ட வேண்டும். ஜேபெக் படத்தில் எண்கள் நேர்விகிதமாக இருக்காது, ரா கோப்பு எடுக்கும் கேமரா இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

---

3டி_ரசிகன் எழுதியது:

லேப் இல்லாதவர்களுக்கு ஒன்று. தியேட்டரில் தரும் வட்டத் தளவிளைவு 3டி கண்ணாடியை (ரியல்டி வகை) வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, முகம் பார்க்கும் கண்ணாடி முன் நில்லுங்கள். திறந்த கண்ணின் முன்னுள்ள 3டி வில்லை கறுப்பாகத் தெரியும். ஆனால் முழுக்கறுப்பு இல்லை, ஊதா கலந்த கறுப்பு. உள்ளே இருக்கும் கால் அலைப் படலம் பச்சைக்குச் சரியாக இருந்து, சிவப்பிலும் நீலத்திலும் கொஞ்சம் கசிவதுதான் அந்த ஊதா. நிறமாலைக்காரன் சொன்ன 90, 109, 131 எல்லாம் முகத்திலேயே தெரியும்.

---

ஜவ்வாது_மலை எழுதியது:

வானியல் பக்கமிருந்து கொஞ்சம். எங்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. நட்சத்திர ஒளி வரும் வழியில் விண்தூசியால் சில சதவீதம் நேர்க்கோட்டுத் தளவிளைவு அடைகிறது. 1949-இல் ஹில்ட்னரும் ஹாலும் கண்டுபிடித்தது. அந்தச் சில சதவீதமும் எல்லா நிறத்திலும் ஒன்றல்ல. சராசரியாக 550 நானோமீட்டர் பக்கம் உச்சம், இரு புறமும் சரிவு. செர்கோவ்ஸ்கி வளைவு என்போம். உச்சம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் தூசியின் பருமனையே ஊகிக்கிறோம். வெள்ளை ஒளியை மொத்தமாக அளந்து ஒரே எண் கொடுத்தால் தூசியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

எங்களுக்கு ஒளி அரிது, ஒவ்வொரு போட்டானும் முக்கியம், அதனால் அகன்ற பட்டைக்கு ஒரே தகடு வேண்டும் என்ற குமரன் கட்சியில் பாதி நானும் இருக்கிறேன். அந்தத் தகட்டின் மூலம் எங்கே தெரியுமா? பெங்களூரு. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1955-இல் எஸ். பஞ்சரத்தினம். சி.வி. ராமனின் சகோதரி மகன், அப்போது வயது இருபதைத்தான் தாண்டியிருந்தார். வேறு வேறு பொருள் தேடாமல் ஒரே பொருளில் மூன்று தகடுகளை அடுக்கினார். கால் அலைக்கு, வெளியே உள்ள இரண்டும் இணையாக, ஒவ்வொன்றும் 115 டிகிரி சொச்சம். நடுவில் அரை அலைத் தகடு, அவற்றுக்கு 70 டிகிரி சொச்சம் திருப்பி. ஒரு தகட்டில் நேரும் பிழையை அடுத்தது எதிர்ப்பக்கம் இழுத்துப் பெருமளவு சரிசெய்துவிடும். இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வந்த கட்டுரைகள் அவை. உலகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் இருக்கும் போலரிமீட்டர்கள் பலவற்றில் அந்த அடுக்கின் வழித்தோன்றல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டே, 1956-இல், இன்று பஞ்சரத்தினம் கட்டம் என்று குவாண்டம்காரர்கள் கொண்டாடுவதை எழுதினார். 1969-இல் ஆக்ஸ்போர்டில் இறந்துபோனார், நாற்பதைக்கூடத் தொடவில்லை.

ஆனால் குமரன், அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. பஞ்சரத்தினம் அடுக்கில் கட்ட வேறுபாடு கிட்டத்தட்ட மாறாது, ஆனால் அதன் அச்சின் திசை அலைநீளத்தோடு சில டிகிரி அலையும். நாங்கள் தொலைநோக்கியில் ஒளிப்பாதையின் குறுக்கே ஒரு கிளான் பட்டகத்தை (படிகத்தால் செய்த போலரைசர்) நுழைத்து, அச்சு எந்த நிறத்தில் எங்கே நிற்கிறது என்று அளந்து கழித்துவிட்டுத்தான் எண்ணை வெளியே கொடுப்போம். அதனால் மிச்சப் பாதி நிறமாலைக்காரன் கட்சி.

---

குவார்ட்ஸ்_குமரன் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து என்னைக் கட்சி மாற்றப் பார்க்கிறீர்கள் :)

சரி, நிறம் மாறினாலும் பெரிதாக அசையாத ஒன்று வேண்டுமென்றால் ஃபிரெனெல் ராம்ப் இருக்கிறது. படிகமே இல்லை, சாதாரண ஆப்டிக்கல் கண்ணாடி. ஒளிவிலகல் எண் 1.51 என்றால் 54 டிகிரி சொச்சம் படுகோணத்தில் இரண்டு முழு அக எதிரொளிப்பு, ஒவ்வொன்றிலும் 45, மொத்தம் 90. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் நிறத்தோடு மாறும் அளவுக்குத்தான் இதுவும் மாறும். 1908-இல் வானியலாளர் ஹேல் சூரியப் புள்ளியில் காந்தப்புலம் இருப்பதை மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் கண்டது ராம்பும் நிக்கோல் பட்டகமும் (இதுவும் ஒரு போலரைசர்) வைத்துத்தான். குறை என்னவென்றால் கற்றை பக்கவாட்டில் தள்ளி வெளியே வரும், ராம்பைச் சுற்றினால் கற்றையும் சேர்ந்து சுற்றும். ராம்பை நிறுத்திவைத்து அனலைசரைச் சுற்றலாம், ஆனால் அப்போது கீற்றணிக்காரர் சண்டைக்கு வருவார். இவருடைய சுழலும் மேடைக்கு ஒத்துவராது.

---

கவனம்_கீற்றணி எழுதியது:

வருவேன்.

எதையுமே சுற்றாமலும் செய்யலாம். 1999-இல் ஓகாவும் கட்டோவும் காட்டியது: ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன்னால் 1-க்கு 2 என்ற தடிப்பில் இரண்டு தடித்த தகடுகள், அவற்றின் அச்சுகளுக்கு நடுவே 45 டிகிரி, பின்னால் ஒரு அனலைசர். தடித்த தகட்டில் கட்டம் அலைநீளத்தோடு வேகமாகச் சுற்றுவதை மேலே ஒரு குறையாகச் சொன்னோம் அல்லவா, இங்கே அதையே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நிறமாலை முழுக்க வரிவரியாக அலைகள் விழும். ஃபூரியர் மாற்றம் எடுத்தால் ஸ்டோக்ஸ் அளவுருக்கள் தனித்தனி அலைவெண்களில் பிரிந்து நிற்கும். ஒரே பதிவில் வேலை முடிந்தது. 4 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் என்றால் 550 பக்கம் 8 நானோமீட்டருக்கு ஒரு வரி. ஸ்பெக்ட்ரோமீட்டர் 1 நானோமீட்டராவது பிரித்துக் காட்ட வேண்டும். அறை வெப்பநிலை மாறினால் வரிகள் நகரும். எம்.எஸ்சி.க்கு இது வேண்டாம், ஆசை இருந்தால் பிஎச்.டி.யில் பார்த்துக்கொள்ளலாம்.

---

ரிமோட்_சேது எழுதியது:

எஸ்-3-க்குப் பிளஸ்ஸா மைனஸா என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒளி வரும் திசையை நோக்கிப் பார்ப்பதா, போகும் திசையில் பார்ப்பதா என்று...

---

தமிழரசி_ஒளியியல் எழுதியது:

சேது, அதற்குத் தனி இழை போடு. இங்கே ஆரம்பித்தால் பொங்கல் வரைக்கும் ஓடும். அரைநிழல், எந்த மரபு என்று தீஸிஸில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இரு.

---

அரைநிழல் எழுதியது:

ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைத்தது. முதலில் 450-இல் போலராய்டை இணையாகத் திருப்பிப் பழைய சூத்திரம் போட்டேன். 4.5 வந்தது! கட்ட வேறுபாட்டு வளைவும் எடுத்துவிட்டேன், 450-இலிருந்து 650 வரை வழுவழுப்பாக இறங்குகிறது, 532-இல் 108.

பிளாஸ்டிக் வைத்து ஒவ்வொரு அலைநீளத்துக்கும் அதற்குரிய கோணத்தைப் போட்டுக் கணக்கிட்டால் தளவிளைவு அளவு பெரும்பாலும் 0.95-க்கு மேல். 480 பள்ளத்தில் மட்டும் புள்ளிகள் சிதறுகின்றன. எஸ்-2-ம் எஸ்-3-ம் அலைநீளத்தோடு மாறி மாறி ஏறி இறங்குகின்றன, அக்கா சொன்ன மாதிரியே. கைடு பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "சரி, அப்படியானால் வெள்ளை ஒளிக்கு மொத்தத்தில் தளவிளைவு எவ்வளவு என்று எக்ஸ்டர்னல் கேட்டால் என்ன சொல்வாய்?"

---

நிறமாலைக்காரன் எழுதியது:

480-இல் எல்இடியில் ஒளியே குறைவு, அதனால் இரைச்சல். அங்கே பிழைக்கோடு நீளமாகப் போட்டுவிடுங்கள், அல்லது அந்தப் பகுதியில் மட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் சேர்க்கும் நேரத்தைக் கூட்டி எடுங்கள்.

எக்ஸ்டர்னல் கேட்டால்: ஸ்டோக்ஸ் அளவுருக்களைக் கூட்டலாம், தளவிளைவு அளவைக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு அலைநீளத்திலும் வந்த நான்கு எண்களையும், விளக்கு அங்கே எவ்வளவு ஒளி தருகிறது, டையோடு அதை எவ்வளவு உணர்கிறது என்ற எடையோடு தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை தளவிளைவு அளவைக் கணக்கிட வேண்டும். உங்கள் தரவில் அது சின்ன எண்ணாகத்தான் வரும். விளக்கை மாற்றினால் அந்த எண் மாறும், டையோடை மாற்றினாலும் மாறும், பிளாஸ்டிக் மட்டும் அப்படியே இருக்கும். அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எல்இடி, எந்த டையோடு என்று இரண்டையும் எழுதுங்கள்.

எல்இடி கணக்கை டையோடை வைத்தே சரிபார்க்கவும் முடியும். ஸ்பெக்ட்ரோமீட்டர் தரவைக் கூட்டி வந்த எண்ணும், பில்டரே இல்லாமல் டையோடில் நேராக அளந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். டையோடு பக்கம் கட்ட வேறுபாட்டுக்கு ஒரே கோணத்தைப் போட முடியாது என்பதால், முதலில் எஸ்-1, எஸ்-2-ஐ மட்டும், கால் அலைத் தகட்டை எடுத்துவிட்டு அனலைசரை 0, 45, 90, 135-இல் நிறுத்தி எடுத்து ஒப்பிடுங்கள். நேர்க்கோட்டுப் பகுதிக்குத் தகடே தேவையில்லை.